108 வந்து சேரும் வரை: ஊருக்குள் அவசர அழைப்புக்குச் செல்லும் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறு நகரத்தில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவரைத் தன்னார்வலர் என்று யாரும் பெயரிட்டு அழைப்பதில்லை. இரவு பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி, "டாக்டரய்யா, அப்பா பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார், ஒரு எட்டு வந்து பாருங்கள்" என்று நிற்பார்கள். நம்மில் பெரும்பாலோர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விடுகிறோம். கிளம்புவதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டெதஸ்கோப்பும் பி.பி. கருவியும் மட்டும் கையில் இருக்க, 108-க்கு யாராவது சொன்னார்களா என்று கேட்கவும் மறந்து, நோயாளியின் பக்கத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்லித் திரும்பினால், நம்முடைய வருகையால் அந்தக் குடும்பத்துக்குப் பத்து நிமிடம் நஷ்டம் என்பதே மிச்சம். என் முதல் இரண்டு ஆண்டுகளில் இந்தத் தவற்றைப் பல முறை செய்திருக்கிறேன். ஆகவே இந்தக் குறிப்புகள், எம்.பி.பி.எஸ். முடித்துத் தம் ஊரிலேயே பணிபுரிந்துகொண்டு, அவசர அழைப்புகளுக்குக் கட்டணமின்றிச் செல்ல முன்வரும் மருத்துவர்கள் எந்தெந்த ஏற்பாடுகளோடு செல்ல வேண்டும் என்பதைப் பற்றியவை.

இது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில், கேட்டரிக் என்னும் ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த கென்னத் ஈஸ்டன், நெடுஞ்சாலை விபத்துகளில் சிக்கியவர்கள் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறப்பதைக் கண்டு, 1967-இல் அப்பகுதி மருத்துவர்களைச் சேர்த்து விபத்து நடந்த இடத்துக்கே செல்லும் ஒரு முறையை உண்டாக்கினார். அதைப் போன்ற உள்ளூர்க் குழுக்கள் பெருகி, 1977-இல் ஒரே சங்கமாக இணைந்தன. அவர்கள் ஆம்புலன்ஸுக்குப் போட்டியாக ஓடவில்லை. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் அழைப்பின் பேரில், அதனோடு கைகோத்து ஓடினார்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 சேவை இயங்குவதால் நாமும் அந்த முறையையே பின்பற்ற வேண்டியிருக்கிறது. நம்முடைய வேலை, 108 வந்து சேரும் வரையிலான இடைவெளியை நிரப்புவது மட்டுமே.

அந்த இடைவெளி உங்கள் ஊரில் எவ்வளவு என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். 108 வாகனம் வழக்கமாக எங்கே நிற்கிறது என்று அதன் ஓட்டுநரையே, அதாவது அவர்கள் பைலட் என்று சொல்பவரையே, நேரில் சென்று கேட்கலாம். அங்கிருந்து எந்தத் தெருவுக்கு ஐந்து நிமிடம், எந்தக் களத்துமேட்டுக் குடியிருப்புக்கு இருபத்தைந்து நிமிடம் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வரைபடத்துக்கும் தெரியாது. பேருந்து நிலையத்திலேயே வாகனம் நிற்கும்போது பக்கத்துத் தெருவுக்கு நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால் பயன் குறைவு. ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருக்கும் காலனிக்கும், மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்கும் சிற்றூருக்கும்தான் நீங்கள் தேவை. உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்துக்குள் சென்று சேரக்கூடிய இடங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போக ஒப்புக்கொண்டால், நீங்கள் வருவீர்கள் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் 108-ஐ அழைப்பதையே தள்ளிப்போடுவார்கள்.

தனி ஒருவராகவும் இதைச் செய்ய இயலாது. குறைந்தது மூன்று மருத்துவர்கள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டு, மூவருக்கும் பொதுவாக ஒரே கைபேசி எண்ணை வைத்து, முறை உள்ளவரிடம் அந்தக் கைபேசியைக் கொடுத்துவிட வேண்டும். சொந்த எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சளிக்கு மாத்திரை கேட்கும் அழைப்புகளுக்கு நடுவில் மாரடைப்புக்கான அழைப்பு தவறிப்போகும். பெண் மருத்துவர் ஒருவராவது குழுவில் இருப்பது, பிரசவம் தொடர்பான அழைப்புகளில் வாசலிலேயே நிற்க வைக்கப்படாமல் உள்ளே போக உதவும்.

இதயம் நின்று விழுந்தவரைப் பொறுத்தவரை, பத்து நிமிடத்தில் வரும் மருத்துவரும் தாமதமாக வந்தவரே. மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யக்கூடிய துடிப்புக் கோளாறாக இருந்தாலும், நெஞ்சைக் கையால் அழுத்தும் முதலுதவி, அதாவது நெஞ்சழுத்தம், இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எனவே பை வாங்குவதற்கு முன்பே ஆட்டோ நிலையம், பால் சொசைட்டி, திருமண மண்டபச் சமையல்காரர்கள், பேருந்து நிலையக் கடைக்காரர்கள் ஆகியோருக்கு நெஞ்சழுத்தப் பயிற்சி கொடுத்துவிடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம் என்ற மூன்றும் போதும். இரண்டு செய்திகளை மட்டும் தனியே அழுத்திச் சொல்லுங்கள். ஒன்று, கயிற்றுக் கட்டிலிலும் மெத்தையிலும் வைத்து அழுத்தினால் கட்டில்தான் அமுங்கும். ஆளைத் தரையில் இறக்க வேண்டும். மற்றொன்று, நினைவில்லாதவர் எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து இழுப்பது மூச்சு அல்ல. "இன்னும் மூச்சு இருக்கிறது" என்று சொல்லி அழுத்தாமல் விட்ட வீடுகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து, ஒரு கையால் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க முடியாத பை பயனற்றது என்பதே. ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மாஸ்க்குகளுடன், வாய்வழிக் காற்றுக்குழாய்கள், கையால் இயக்கும் உறிஞ்சு கருவி, குளுக்கோமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், பி.பி. கருவி, வென்ஃப்ளான்கள் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்கள்), சலைன் இரண்டு பாட்டில், இறுக்கிக் கட்டும் பேண்டேஜ், கத்தரி, நெற்றியில் கட்டும் விளக்கு, கையுறைகள் ஆகியவை அடிப்படை. விளக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மின்சாரம் போன வீட்டில் கைபேசி வெளிச்சத்தில் நரம்பு தேடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஏ.இ.டி., அதாவது நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி, விலை கூடியது. மூன்று மருத்துவர்களும் ரோட்டரி, அரிமா சங்கம் போன்றவற்றை அணுகி ஒன்றை வாங்கி, பொதுக் கைபேசியோடு சேர்த்துக் கை மாற்றிக்கொள்ளலாம்.

மருந்துகளில் அட்ரினலின், ஆஸ்பிரின், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அட்ரோபின், இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், சால்பியூட்டமால், வலிப்புக்கு மிடாசோலம், ஹைட்ரோகார்ட்டிசோன் ஆகியவை இருந்தால் பெரும்பாலான அழைப்புகளைச் சமாளிக்கலாம். மிடாசோலத்துக்கு எண்ணிக்கைக் கணக்கு எழுதி வைத்துப் பூட்டிப் பாதுகாக்க வேண்டும். பையை வண்டியின் டிக்கியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ விட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அட்ரினலின் வீரியம் இழக்கும். ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து என்பதால், அதை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பிரசவ அழைப்பு வரும்போது மட்டும் ஐஸ் பையோடு எடுத்துச் செல்லுங்கள். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து பையில் வேண்டாம் என்பதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அழைப்பு வரும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "108-க்குச் சொல்லியாகிவிட்டதா?" என்பது. இல்லை என்றால், நீங்கள் செருப்பைப் போடும் நேரத்தில் அவர்களை அழைக்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் அவர்களால் முடியாது என்று தோன்றினால் நீங்களே அழையுங்கள். 108-இன் அழைப்பு மையம் சென்னையில் இருக்கிறது. எதிர்முனையில் பேசுபவருக்கு உங்கள் ஊர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. "புதூர்" என்று மட்டும் சொன்னால் மாவட்டத்துக்கு மாவட்டம் புதூர் இருக்கிறது. மாவட்டம், வட்டம், ஊர், தெரு, அதன் பின் கோயிலோ தண்ணீர்த் தொட்டியோ ஓர் அடையாளம் என்ற வரிசையில் சொல்லவும், முதன்மைச் சாலையில் ஓர் ஆளை விளக்குடன் நிறுத்தி வைக்கவும் வீட்டாரைப் பழக்குங்கள். அடுத்த இரண்டு கேள்விகள்: கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா. இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், தொலைபேசியைத் துண்டிக்காமல் ஒலிபெருக்கியில் போடச் செய்து, நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.

இடத்துக்குப் போனதும் உள்ளே பாய்வதற்கு முன் ஒரு நொடி நின்று பாருங்கள். வயலில் ஒருவர் விழுந்து கிடந்தால் மின்வேலியோ அறுந்த கம்பியோ இருக்கிறதா என்று பார்த்து, மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்த பிறகே தொடவும். கிணற்றுக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ ஒருவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்கினார் என்று கேள்விப்பட்டால், மூன்றாவதாக இறங்குபவர் மருத்துவராக இருக்கக் கூடாது. அங்கே தீயணைப்பு வீரர்கள் வந்து மேலே கொண்டுவரும் வரை, உங்கள் வேலை மற்றவர்களை இறங்கவிடாமல் தடுப்பதே. கூட்டத்தைக் கலைக்கும் வேலையையும் நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் குரல் உயர்ந்த ஒரு பெரியவரைப் பார்த்து, "ஐயா, நீங்கள் இவர்களைக் கொஞ்சம் விலக்கி நிறுத்துங்கள்" என்று பொறுப்பை ஒப்படைத்தால், அவர் உங்களைவிட நன்றாகச் செய்வார்.

நினைவில்லாமல் கிடப்பவர் யாராக இருந்தாலும், மூச்சுவழியைச் சரிசெய்த கையோடு சர்க்கரையைப் பாருங்கள். பக்கவாதம் என்று வீட்டார் முடிவுகட்டிவிட்ட பலர், மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்த சர்க்கரை நோயாளிகளே. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பில் போனதும் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். வீட்டார் உங்களைத் தெய்வமாகப் பார்ப்பார்கள். அந்த மயக்கத்தில் நீங்களும் மயங்கிவிடாதீர்கள். கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் உண்டவருக்குச் சில மணி நேரத்தில் சர்க்கரை மறுபடியும் இறங்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் நீளும். அவரை மருத்துவமனைக்கு அனுப்பாமல் திரும்பக் கூடாது. நினைவில்லாதவரின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதையும் அதே வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

நெஞ்சுவலி என்றால், ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லை என்று கேட்டறிந்து, 300 மில்லிகிராம் அளவில் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கப் பத்து நிமிடம் செலவிடுவது, 108 இன்னும் வரவில்லை என்றால் மட்டுமே நியாயம். 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் லோடிங் டோஸ் (தொடக்கத்தில் ஒரே முறையாகத் தரும் கூடுதல் அளவு) கிடைக்கிறது. உங்கள் பகுதி நிலையத்தின் செவிலியரிடம் அதைப் பற்றி முன்கூட்டியே பேசி வையுங்கள். எந்த மருத்துவமனையில் இரவிலும் கேத் லேப் (இதய இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கூடம்) இயங்குகிறது, எங்கே இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மட்டும் போடுவார்கள் என்பதை விசாரித்துக் குறித்து வைத்திருக்கும் தாள், உங்கள் பையில் உள்ள எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல.

நம் ஊர்களில் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியது விஷம். பூச்சிக்கொல்லி குடித்தவருக்கு உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணக் கரைசல் என்று எதையாவது கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது இன்றும் நடக்கிறது. நீங்கள் போய்ச் சேரும்போது அந்தக் கரைசலில் பாதி நுரையீரலில் இருக்கும். வாந்தி எடுக்க வைப்பதை உடனே நிறுத்துங்கள். கையுறை அணிந்து, நனைந்த உடைகளைக் கழற்றி, சோப்பு போட்டு உடலைக் கழுவச் சொல்லி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கண்மணி சுருங்கி, வாயில் நுரை தள்ளி, நெஞ்சு முழுவதும் சளி இரைந்தால் அது ஆர்கனோபாஸ்பரஸ் வகை, அட்ரோபின் 0.6 மில்லிகிராம் ஆம்பூல் ஒன்றிரண்டு அதற்குப் போதாது, தொடக்கமே 3 முதல் 5 ஆம்பூல்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டித்து, நெஞ்சு இரைச்சல் அடங்கும் வரை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் பையில் இருபது ஆம்பூல்களாவது இருக்கட்டும். இதற்கு நேர்மாறானது எலி பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசையை விழுங்கியவர் முதல் நாளில் வாந்தியோடு தேறிவிட்டதுபோல் தோன்றி, இரண்டு மூன்று நாள்களுக்குப் பின் கல்லீரல் செயலிழந்து இறக்கிறார். அதற்கு முறிவு மருந்து இல்லை. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று வீட்டார் எவ்வளவு மன்றாடினாலும், ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று எவ்வளவு அஞ்சினாலும், அவளை அன்றே மருத்துவமனையில் சேர்க்க வைப்பது ஒன்றே உங்களால் செய்யக்கூடிய சிகிச்சை. அரளி விதை அரைத்துக் குடித்தவருக்கும் அப்படியே. நாடித்துடிப்பு எப்போது தடம் மாறும் என்று சொல்ல முடியாது. எதைக் குடித்திருந்தாலும் அந்தப் பாட்டிலையோ டப்பாவையோ நோயாளியோடு அனுப்ப வேண்டும்.

பாம்புக்கடியில் உங்கள் வேலை, செய்யக்கூடாதவற்றைத் தடுப்பதில் பாதி முடிந்துவிடும். கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. பாம்பை அடித்துக் கொண்டுவர ஆள் அனுப்புவதும் கூடாது. மெட்டி, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை வீக்கத்துக்கு முன் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் சிம்பு வைத்துக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். ஏற்கெனவே கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தால், வீட்டிலேயே சட்டென்று அவிழ்க்காமல், சிகிச்சைக்கு வசதியுள்ள இடத்தில் அவிழ்க்கட்டும். விஷமுறிவு மருந்துக்குக் கடும் ஒவ்வாமை வரக்கூடும், பல குப்பிகள் தேவைப்படும், தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதால்தான் அது பையில் வேண்டாம் என்றேன். கட்டுவிரியனை மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் படுத்து உறங்கியவரை இரவில் கடிக்கும்; கடிவாய் கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழைப்பார்கள்; போய்ப் பார்த்தால் இமைகள் சரிந்திருக்கும், பேச்சு குழறும். அப்படிப்பட்டவரைத் தனியாக அனுப்பாமல், ஆம்பு பேக்குடன் நீங்களே வண்டியில் ஏறுங்கள். வழியில் மூச்சு நின்றால், மருத்துவமனை வாசல் வரை கையால் மூச்சு கொடுத்துக்கொண்டு போனாலே அவர் பிழைக்க வழியுண்டு.

தேனீ, குளவி கொட்டியோ ஊசி மருந்தாலோ ஒவ்வாமை முற்றி, இரத்த அழுத்தம் இறங்கியவருக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராமைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் முதலில் போடுங்கள்; மற்றவை எல்லாம் அதற்குப் பின். சாலை விபத்தில் இரத்தம் பீறிடும் இடத்தை அழுத்திப் பிடிப்பதும், மூன்று மணி நேரத்துக்குள் என்றால் டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராமைப் பத்து நிமிடத்தில் செலுத்துவதும், வண்டி வந்ததும் தாமதிக்காமல் ஏற்றுவதும் போதும். 2021 டிசம்பரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பதை உடன் வருபவரிடம் சொல்லுங்கள். கையில் காசில்லை என்ற தயக்கத்தில் அருகிலுள்ள நல்ல மருத்துவமனையைத் தாண்டிப் போவதை அது தடுக்கும்.

108 வந்ததும் ஒப்படைப்பு. வாகனத்தில் வரும் அவசர மருத்துவ உதவியாளர் உங்களுக்கு வயதில் இளையவராக இருப்பார். தினமும் இதே வேலையைச் செய்பவர் என்பதால் உங்களைவிட வேகமாகவும் செயல்படுவார். அவரை விரட்டி வேலை வாங்காமல், எத்தனை மணிக்கு நடந்தது, நீங்கள் என்ன கண்டீர்கள், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்ற மூன்றையும் அரை நிமிடத்தில் சொல்லி, அதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையை உங்கள் பொறுப்பிலேயே தொடர்வதாக முடிவெடுத்தால், வண்டியில் ஏறி உடன் செல்ல வேண்டும். கீழே நின்றுகொண்டு உத்தரவு மட்டும் போடுவது முறையல்ல.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபத்தில் உள்ள உயிரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்றும், போலீஸ் நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே கூறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 134-ஏ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்குக் கைம்மாறு கருதாமல், நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. இது சாலை விபத்துக்கு மட்டுமே உரியது என்பதையும், கைம்மாறு வாங்கினால் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் தொழில்முறைக் காப்பீடு கிளினிக்குக்கு வெளியே செய்யும் சிகிச்சைக்கும் பொருந்துமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உண்மையில் சங்கடம் வருவது வேறிடத்தில். நீங்கள் போகும் முன்பே இறந்துவிட்டவரின் வீட்டில், "டாக்டரய்யா, ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிடுங்கள், காலையில் எடுத்துவிடுவோம்" என்று கேட்பார்கள். கடைசி நோயில் நீங்கள் சிகிச்சை தராதவருக்கு, இறப்பின் காரணத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். விஷம், தூக்கு, தீக்காயம், விபத்து என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் காவல் நிலையத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிந்த குடும்பம், துக்க வீடு, எப்படி மறுப்பது என்ற தயக்கம் எனக்கும் உண்டு. முறைக்கு வரும் மூன்று மருத்துவர்களும் இதில் ஒரே பதிலைச் சொல்வதென்று முன்பே பேசி வைத்துக்கொண்டால், "அந்த டாக்டர் கொடுப்பார்" என்ற பேச்சு எழாது.

வீடு திரும்பியதும் எவ்வளவு நேரமானாலும், செலவான மருந்தை எழுதி வைத்து, பையை நிரப்பிவிட்டே படுக்க வேண்டும். நள்ளிரவில் சர்க்கரை இறங்கிய ஒருவரைப் பார்த்து வந்த களைப்பில், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பையை மூலையில் வைத்துவிட்டுப் படுத்தேன்; நான்கரை மணிக்கு அடுத்த அழைப்பு வந்தது. நினைவிழந்து கிடந்த அந்த அம்மாளின் விரலைக் குத்திவிட்டுத் தேடியபோது, குளுக்கோமீட்டர் இருந்தது, ஸ்ட்ரிப் இல்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவர் இருந்ததால் ஸ்ட்ரிப் கிடைத்தது. அதற்கு ஏழு நிமிடம் ஆனது.